குப்பையிலே பொன்

நம் வீட்டு அலுமாரியின் மூலையிலே பழுதடைந்த கைத்தொலைபேசிகள் இரண்டு கிடக்கின்றன. அவற்றினுள்ளே பொன் உண்டெனக் கேள்வியுற்றதும், உடைத்துப் பார்க்க நமக்கும் ஆவல் பிறந்தது.

பொன் இருப்பது மெய்யே. அது துருப்பிடியாதாகையால், மின்னிணைப்பு முனைகளிலே மெல்லிய பூச்சாகப் பூசப்படுகிறது. ஆனால் எவ்வளவு? டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக, 2017 முதல் 2019 வரை யப்பானியர் பழைய மின்கருவிகளைச் சேகரித்தனர். ஏறத்தாழ 79,000 தொன் கருவிகளும் 62 இலட்சம் கைத்தொலைபேசிகளும் சேர்ந்தன. கிடைத்த பொன் 32 கிலோகிராம்; நம் கணக்கிலே 4,000 பவுண். ஒரு நாடே திரண்டு சேர்த்ததற்கு இவ்வளவெனின், நம் அலுமாரிக்கு எவ்வளவு?

எனினும் இம்முயற்சி வீணன்று. சுரங்கத்துத் தாதுக்கல் ஒரு தொன்னிலே பெரும்பாலும் சில கிராம் பொன்னே கிட்டும். கைத்தொலைபேசிகள் ஒரு தொன்னிலோ அதனினும் பன்மடங்கு. பெருந்தொகையாகச் சேர்த்து, நச்சுப்புகையை அடக்கவல்ல ஆலையிலே பிரித்தெடுத்தால் ஆதாயமுண்டு.

வீட்டிலே அமிலமூற்றிப் பிரிக்க முனைவதே பேதைமை. சீனாவின் குயியூ என்னும் ஊரிலே இதனைக் குடிசைத் தொழிலாகச் செய்தனர். அங்குள்ள குழந்தைகளின் இரத்தத்திலே ஈயம் மிகுந்திருக்கக் கண்டனர் ஆய்வாளர். பிள்ளையின் நலத்தை விலையாகக் கொடுத்துப் பெறும் பொன் எந்தக் கழுத்துக்கு அழகு?

ஆகவே, தாய்மாரே, பழுதான கருவிகளை எரிக்கவும் வேண்டாம். குப்பையோடு வீசவும் வேண்டாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்போமாக. நம் இரண்டையும் நாளையே கொடுத்துவிட எண்ணியுள்ளோம்.