காமிராவின் சாளரத்தில் ஒளி மாறுவது ஏன்?

நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து தேடுதல் அறிவுடையோர் செயலன்று. உடலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கருவிகளுக்கும் பொருந்துவதேயாம். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவைக் கையாளும் மாணவர் பலர்க்கும் ஓர் ஐயம் உண்டு. கண் வைத்துப் பார்க்கும் சாளரமாகிய வியூபைண்டர் நேற்றுத் தெளிவாயிருந்தது. இன்றோ மங்கிக் கிடக்கின்றது. உடனே கருவி கெட்டதென்று அஞ்சிப் பழுதுபார்ப்பாரிடம் ஓடுவோர் உளர். பிறர் பயன்படுத்தியபின் குறைந்த விலைக்கு வந்த நல்ல கருவியை இம்மங்கல் ஒன்றே கண்டு தள்ளிவிடுவோரும் உளர். சிறுகச் சேர்த்த பொருள் வீணாகாதிருக்க வேண்டின், அச்சாளரத்திற்கு ஒளி வரும் வழியையும், அவ்வழியில் அது குறையும் இடங்களையும் அறிதல் வேண்டும். அவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம்.

லென்ஸின் வாயிலாக உட்புகும் ஒளி, சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடியிற் பட்டு மேல்நோக்கித் திரும்புகின்றது. அங்குள்ள மெல்லிய தகடொன்றில் உருவம் படிகின்றது. அதன்மேல் அமைந்த ஐங்கோணப் பட்டகம் அவ்வுருவத்தை நேராக்கி நம் கண்ணுக்கு அளிக்கின்றது. விலை குறைந்த கருவிகளில் பட்டகத்திற்கு மாறாகக் கண்ணாடிகள் சில கூடி இத்தொழிலைச் செய்யும். அவற்றிற் காட்சி இயல்பாகவே சற்று மங்கலாயிருக்கும். ஆகவே, நாம் காண்பது வெளியிலுள்ள ஒளியேயன்றி வேறன்று. ஷட்டரின் வேகத்தையும் ஐ.எஸ்.ஓ. எண்ணையும் எவ்வளவு மாற்றினும் இக்காட்சி மாறுவதில்லை. இங்கே காட்சி தெளிவாயிருத்தலால் படமும் அவ்வாறே அமையும் என்று கொள்ளுதல் பொருந்தாது.

ஒளி குறையும் முதலிடம் லென்ஸ். எஃப் 2.8 துளையுள்ள லென்ஸ் தரும் ஒளியில் நான்கில் ஒரு பங்கையே எஃப் 5.6 துளையுள்ளது தரும். பலரிடத்துள்ள 18-55 மில்லிமீட்டர் சூம் லென்ஸில், குறுகிய முனையில் எஃப் 3.5 ஆக உள்ள துளை நீண்ட முனையில் எஃப் 5.6 ஆகின்றது. சூமைத் திருகுந்தோறும் காட்சி மங்குவது இதனாலேயே. இனி, நாம் எஃப் 16 என்று குறித்துவைத்தாலும், படமெடுக்கும் நொடி வரையில் துளை முழுதும் திறந்தே நிற்கும். கூர்மையின் ஆழத்தை முன்கூட்டிக் காட்டும் பொத்தானை அழுத்தினால் மட்டும் துளை அப்பொழுதே குறுகும், காட்சியும் இருளும். கை தவறி அப்பொத்தானை அழுத்திவிட்டுக் கருவியைப் பழிப்பாரும் உண்டு. லென்ஸின் முன் மாட்டிய போலரைசர் முதலிய வடிகண்ணாடிகளும் ஒளியைக் குறைக்கும் என்க.

இரண்டாவது காரணம் வியப்புக்குரியது. 2008-இல் வெளிவந்த நிக்கான் டி90, 2009-இல் வெளிவந்த கேனன் 7டி முதலிய கருவிகளில், கட்டக் கோடுகளையும் குவியப் புள்ளிகளையும் காட்டும்பொருட்டுத் திரவப் படிகத் தகடொன்று ஒளியின் வழியில் வைக்கப்பட்டுள்ளது. சிறிதளவு மின்சாரம் பாயுங்கால் அது தெளிந்து நிற்கும். மின்சாரம் அற்றால் ஒளியைச் சிதறடித்து மங்கும். ஆகவே பாட்டரியை எடுத்துவிட்டாலும், பாட்டரி முற்றும் தீர்ந்தாலும் சாளரம் இருண்டு தோன்றும். இது பழுதன்று, பாட்டரியை இட்டதும் தெளிவு மீளும். கடுங்குளிரில் இத்தகடு மெல்லவே இயங்கும். பழைய கருவியை விலைக்கு வாங்குவோர் நிறைந்த பாட்டரியை இட்டுப் பார்த்த பின்னரே அதன் நலந்தீங்கு துணிதல் வேண்டும்.

பின்புறத் திரையில் நேர்க்காட்சி காணுங்காலோ, நிலைமை முற்றும் வேறு. அப்பொழுது கண்ணாடி மேலே எழுந்துவிடுகின்றது. உணரி வாங்கும் உருவமே திரையில் தோன்றுகின்றது. எடுக்கப்போகும் படத்தின் ஒளியளவை முன்னரே காட்டும் ஏற்பாடு இயங்கினால், ஷட்டர், துளை, ஐ.எஸ்.ஓ. என்னும் மூன்றில் எதனை மாற்றினும் திரையின் ஒளி மாறும். பிளாஷ் விளக்குக்கென அளவுகளை அமைத்தவர்க்குத் திரை இருண்டு தோன்றுவது இதனாலே. அவ்வேற்பாட்டை நிறுத்திவிட்டால் தெளிவு வரும். சில கருவிகளில் சுற்றுப்புற ஒளிக்கேற்பத் திரை தானே ஏறி இறங்குவதும் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியுடையது. அதனால் குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கலாம். அத்துடிப்புத் திரையிற் பட்டைகளாய்த் தோன்றின், மெனுவில் 50 ஹெர்ட்ஸ் என்று அமைத்தல் நன்று. திரையின் ஒளியை நம்பாது, ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தை நோக்கிப் படத்தின் அளவைத் தேர்தலே தக்கது.

இவற்றையெல்லாம் ஒழுங்குபெறச் சோதித்தல் எளிது. முதலில் நிறைந்த பாட்டரியை இடுக. அடுத்து வடிகண்ணாடியைக் கழற்றுக. பின்னர் வேறொரு லென்ஸை மாட்டிப் பார்க்க. மங்கல் நீங்கினால் குறை முந்தைய லென்ஸினது. அதன் துளைத் தகடுகள் சிக்கியிருத்தல் கூடும். எந்த லென்ஸை மாட்டினும் மங்கல் நீங்காவிடின், கண்வைக்குமிடத்தில் மூடி உள்ள கருவியாயின் அது திறந்துள்ளதா என்று நோக்குக. அதன் பின்னரே பழுதுபார்ப்பாரை நாடுக. உள்ளிருக்கும் கண்ணாடியை மட்டும் துணியால் துடைத்தல் ஆகாது. அதன் பூச்சு மேற்பரப்பிலேயே உள்ளதாதலின் எளிதிற் கீறுபடும். அதிற் படிந்த தூசி படத்தில் விழுவதுமில்லை.

சாளரம் காட்டும் ஒளி வேறு, படம் பெறும் ஒளி வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிந்தவர் வீண்செலவுக்கும் ஆளாகார். மங்கல் கண்டு மயங்கி நல்ல கருவியைத் தள்ளவுமாட்டார்.