தழும்பும் நினைவும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியின் மகிழுந்து, மின்னணுப்பொருள் ஆலைகளில் பணிபுரியும் இளைஞருள் பலரின் இடது மேற்கையில் சிறிய தழும்பு ஒன்று இருக்கும். குழந்தைப் பருவத்தில் இடப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம் அது. கால்மெத், கெரேன் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் உருவாக்கிய இம்மருந்து, 1921ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு வழங்கப்பட்டது. குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோயைத் தடுப்பதில் இது பெரும்பயன் தருகிறது. ஆனால், ஒரே அறையில் பலர் நெருங்கித் தங்கும் இவ்விளைஞர்களுக்கு அச்சம் தருவது, காற்றின்வழிப் பரவும் நுரையீரல் காசநோய். அதிலிருந்தும் இத்தழும்பு காக்குமா?

இவ்வினாவுக்கு விடை தேடிய களம், இப்பகுதியைத் தன்னுள் கொண்டிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டமே. 1968இல் அங்குத் தொடங்கிய ஆய்வில் ஏறத்தாழ 2,60,000 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் தடுப்பூசியும் மற்றொரு பிரிவினர் மருந்தற்ற ஊசியும் பெற்றனர். யாருக்கு எது இடப்பட்டது என்பதை இருதரப்பும் அறியாவண்ணம் ஆய்வு நடந்தது. 1979இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. நுரையீரல் காசநோயைப் பொறுத்தவரை இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! பதினைந்து ஆண்டுக்காலத் தொடர்கண்காணிப்பும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றே காட்டியது. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியை ஒத்த நுண்ணுயிரிகளுடன் மக்களுக்கு முன்பே ஏற்பட்ட தொடர்பு ஒரு காரணமாகலாம் என்பர். மற்றொரு விளக்கம், உடலின் 'நினைவு' எங்கே தங்குகிறது என்பதைச் சார்ந்தது.

ஒருமுறை எதிர்த்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்களுள் ஒருவகை, நினைவு டி செல்கள். ஐதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் தடுப்பூசி மையத்தை வளர்த்த ரஃபி அகமது, இச்செல்களை ஆராய்வதையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டவர். கிருமி அகன்ற பின்னும் நினைவு டி செல்கள் எலிகளின் உடலில் நெடுங்காலம் நிலைத்திருப்பதை அவர்தம் குழுவினர் 1994இல் நிறுவினர்.

பின்வந்தோர் வியப்பான வேறொன்றைக் கண்டனர். நினைவு டி செல்கள் அனைத்தும் குருதியில் உலவுவதில்லை. தோல், குடல், நுரையீரல் ஆகிய திசுக்களிலேயே நிலையாகக் குடியிருப்பனவும் உண்டு. ஊர்க்காவலர் ரோந்து சுற்றுவதற்கும், வாயிற்காவலர் வாசலிலேயே நிற்பதற்கும் உள்ள வேறுபாடு இது. குருதியை மட்டும் சோதித்தால் வாயிற்காவலர் கண்ணுக்குப் புலப்படார். தோலினுள் இடப்படும் ஊசி, நுரையீரலின் வாயிலில் போதிய காவலரை நிறுத்துமா என்ற ஐயம் இங்குதான் வலுப்பெற்றது.

2020இல் அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் செடர் குழுவினர் அதே பழைய பி.சி.ஜி. மருந்தை ரீசஸ் குரங்குகளுக்குச் சிரைவழிச் செலுத்தினர். நுரையீரலில் டி செல்கள் பெருகின. பின்னர்க் காசநோய்க் கிருமியை எதிர்கொண்ட பத்துக் குரங்குகளுள் ஒன்பது பெருமளவு காக்கப்பட்டன. ஆறில் தொற்றின் சுவடே காணப்படவில்லை. மருந்து மாறவில்லை; அது சென்ற வழி மாறியது. ஆயினும், நலமாக உள்ள கோடிக்கணக்கானோருக்கு உயிருள்ள கிருமியைச் சிரைவழிச் செலுத்துதல் எளிதன்று. ஆதலால், மூச்சுவழியே நுரையீரலுக்குத் தடுப்புமருந்தைக் கொண்டுசேர்க்கும் முயற்சிகளும் நடைபெற்று வருகின்றன.