அறிவிக்கும் குரலும் பரிசோதனையின் வாசலும்

நோயைப் பற்றிய அறிவு பரவினால் மக்கள் தாமாகவே பரிசோதனைக்கு முன்வருவர் என்பது பொதுவான எண்ணம். எச்.ஐ.வி. தொற்றைப் பொறுத்தமட்டில் இது பாதி உண்மையே. செய்தி யாரிடமிருந்து வருகிறது என்பதும் கேட்பவரின் முடிவை உருவாக்குகிறது. உகாண்டா நாட்டின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

1980களின் பிற்பகுதியில் அந்நாட்டு வானொலி முரசொலியுடன் எச்சரிக்கைகளை ஒலிபரப்பியது. நோயின் பெயரை அறியாதார் அருகினர். ஆயினும் பயனுள்ள மருந்து கிட்டாத அந்நாளில், அச்சமூட்டும் செய்தியைக் கேட்டவர் தம் நிலையை அறியாதிருப்பதே நலம் என்று எண்ணியிருந்தால் வியப்பில்லை. 1989இல் புகழ்பெற்ற பாடகர் பிலி லுட்டாயா தமக்கு எய்ட்ஸ் உண்டென வெளிப்படையாக அறிவித்தார். அவர் கூறியதை நம்பாதவர்களும் இருந்தனர். எனினும் அவர் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் பேசி, அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். அதுவரை வானொலியில் கேட்ட நோய்க்கு மக்கள் நன்கறிந்த ஒரு முகம் கிடைத்தது. 1990இல் கம்பாலாவில் எய்ட்ஸ் தகவல் மையம் திறக்கப்பட்டது. அங்கே பெயர் கூறாமலே பரிசோதனை செய்துகொள்ளலாம். அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனையும் உண்டு. செய்தியைக் கேட்டவர் செல்வதற்கு ஓர் இடம் வேண்டுமன்றோ!

பிரசங்க பீடமும் ஒரு தகவல் மூலமே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இந்நோய் பாவத்தின் தண்டனை என்று அங்கிருந்து ஒலித்தால், பரிசோதனைக்குச் செல்வதே குற்றத்தை அறிக்கையிடுவது போலாகிவிடும். சபையார் பார்க்கும் தெருவில் யார் அவ்வாசலை மிதிப்பர்? ஆங்கிலிக்கன் குருவானவர் கிதியோன் பியமுகிஷாவின் வாழ்வு இங்குக் கருதத்தக்கது. 1991இல் அவருடைய மனைவி இறந்தார், அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது பின்னரே தெரியவந்தது. தாமும் பரிசோதித்துக்கொண்ட அவர், 1992இல் தம் நிலையை மறைக்காமல் அறிவித்தார். ஆப்பிரிக்கச் சமயத் தலைவர்களுள் அவ்வாறு வெளிப்படையாகக் கூறிய முதல்வர் அவரே என்பர். அங்கி அணிந்தவரே பரிசோதனை அறைக்குச் சென்று வந்தார் என்றபின், பழைய பிரசங்கத்தைத் தயக்கமின்றி நிகழ்த்துவது கடினமாயிற்று.

செல்வாக்குள்ள குரலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அந்நாட்டுச் சபைகள் சில, திருமணத்திற்குமுன் பரிசோதனை முடிவைக் கேட்கத் தொடங்கின. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் இன்று முறையாக மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. இதையும் உடன் அறிவிக்காத போதகர், முடிவை மட்டும் தம் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுவது ஏன்? அந்தத் தாள் பரிசோதித்துக்கொண்டவருக்கே உரியது.