கிடை ஆட்டு மயிரும் கம்பளி நூலும்

சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து கீதாரிகள் தம் மந்தைகளைக் காவிரிப் படுகைக்கு ஓட்டி வருவதும், எருவுக்காக அவை வயல்களில் கிடை அமர்த்தப்படுவதும் காரைக்கால் வட்டார அங்கத்தினர்கள் நன்கு அறிந்தவையே. அந்த ஆடுகளின் மயிரைக் கத்தரித்து வாங்கி, நம் பெண்டிரைக் கொண்டு நூற்கச் செய்தால் ஊடை நூலாகவேனும் பயன்படாதா என்ற கேள்வி, உழவரும் நெசவாளரும் ஒன்றாயுள்ள சங்கத்தில் எழுவது இயல்பே. ஆயினும் பங்குப் பணத்தை அதில் இறக்குமுன் ஆட்டின் இனம் இன்னதென்று பார்த்தல் வேண்டும்.

செம்மறியாடு எல்லாம் கம்பளி தருவதில்லை. இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் ஆகிய தென்பாண்டி இனங்களின் உடலில் இருப்பது குட்டையான வெறும் மயிரே. அதில் சுருளும் இல்லை. ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் தன்மையும் இல்லை. இராட்டையில் இட்டால் முறுக்கு நிற்காமல் பிரிந்துவிடும். மேச்சேரி ஆடும் இத்தகையதே. அது பேர் பெற்றது தோலுக்காக. ஆகவே நம் வயலில் கிடக்கும் கிடையிலிருந்து எருவைத் தவிர வேறெதையும் எதிர்பார்த்தல் வீண்.

கம்பளி வேண்டுமாயின் மேட்டு நிலத்தை நோக்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர், தருமபுரிப் பக்கங்களில் உள்ள திருச்சி கறுப்பு இனமும், குறும்பை எனப்படும் கோயம்புத்தூர் இனமும் முரட்டுக் கம்பளி தருவன. குறும்பை உரோமத்தின் பருமன் சுமார் 41 மைக்ரான். அதாவது மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 41 பங்கு. போர்வைக்கும் விரிப்புக்கும் அது போதும்; உடம்பில் பட்டால் குத்தும். கறுப்பு மயிரில் சாயம் எடுபடாது என்பதையும் நெசவாளர் நினைவில் கொள்க. உடைக்கு ஏற்ற மென்மையுடையது நீலகிரி இனம் ஒன்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டுடன் மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய அயல் இனங்கள் கலந்து உண்டான அதன் உரோமம் சுமார் 27 மைக்ரான். ஆனால் அந்த ஆடுகள் மிகவும் அருகிவிட்டன. உதகைக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அவற்றைக் காத்து வருகின்றனர்.

வாங்கிய உரோமத்தில் கால், வயிற்றுப் பகுதி மயிரையும் சாணம் ஒட்டியதையும் முதலில் ஒதுக்கிவிட வேண்டும். பின்பு வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல அமுக்கி எடுக்கலாம். பருத்திச் சேலையைப் போல் அடித்துத் துவைத்தல் ஆகாது. சூட்டிலும் உராய்விலும் கம்பளி இறுகித் திரண்டு சடையாகிவிடும்; பிறகு அதைப் பிரிக்க எவராலும் இயலாது. நிழலில் உலர்த்தி, விரலால் உதிர்த்து, வில்லால் அடித்துப் பட்டையாக்கிக்கொள்க.

பருத்தி நூற்றுப் பழகிய கைக்குச் சங்கடம் நேருவது இனித்தான். பருத்தி இழை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ளது. கம்பளி இழையோ ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளும். பருத்திக்குப் பிடிப்பது போல் கைகளை நெருக்கிப் பிடித்தால், ஒரே இழையின் இரு முனைகளையும் இரு கைகளும் பற்றி இழுக்கின்றன. இழை நகராது, நூலும் இறங்காது. நூற்பவர் தம் கையைப் பழிப்பார், அல்லது இராட்டையைப் பழிப்பார்! பிடியின் இடைவெளியை இழையின் நீளத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் தடை நீங்கும். முறுக்கும் பருத்திக்குத் தருவதைவிடக் குறைவாக இருக்கட்டும். நூற்ற சிட்டத்தை வெந்நீரில் நனைத்து, சிறு பளு கட்டித் தொங்கவிட்டால் முறுக்கு நிலைபெறும். பாவுக்குப் புளியங்கொட்டைக் கூழ் இடுவது கம்பளி நெய்வோரின் பழைய வழக்கம்.

கடற்கரைச் சங்கத்துக்கு நட்டம் வரக்கூடிய இடம் தராசு. கம்பளி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தன் எடையில் 30 விழுக்காடு வரை நீர் ஏற்றுக்கொண்ட பின்னும் கைக்கு ஈரமாகத் தோன்றாது. முற்றும் உலர்ந்த 100 கிலோவுக்கு 16 முதல் 18 கிலோ வரை ஈரம் இருக்கலாம் என்பது வணிகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் அது 20-ஐயும் தாண்டும். அடைமழையில் எடை போட்டு உரோமம் வழங்கி, பங்குனி வெயிலில் நூலை எடை போட்டு வாங்கினால், நூற்றவர் எடுத்துக்கொள்ளாத கம்பளி அவர் பெயரில் குறைவாக எழுதப்படும். ஏழைப் பெண்ணின் கூலியில் அதைப் பிடிப்பது அநியாயம். ஆதலின் வழங்கும்போதும் வாங்கும்போதும் கைப்பிடி அளவு மாதிரியை எடுத்து, ஈரம் போக உலர்த்தி நிறுத்து, அந்த விகிதத்தையும் தேதியையும் பேரேட்டில் எடைக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். வில்லடியில் உதிரும் தூசிக்குத் தனிப் பத்தி ஒன்று இருக்கட்டும்.