முட்டை அட்டை ஒட்டினால் ஸ்டுடியோ ஆகிவிடுமா?

நாமக்கல் முட்டைக்கும் பாட்டு ரெக்கார்டிங்குக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா? அட்டைதான்! சேலம் பக்கத்து ஓமலூரில், "வீட்டு அறையைக் குறைந்த செலவில் ஸ்டுடியோ ஆக்கப்போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்ன வாய் மூடுவதற்குள் யாராவது ஒருவர், "முப்பது முட்டை அட்டை இருக்குல்ல, அத வாங்கி நாலு சுவத்துலயும் ஒட்டிருங்க" என்பார். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் அட்டைக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த அட்டை வெளிச் சத்தத்தை நிறுத்தவே நிறுத்தாது! சத்தத்தை மறிக்க எடை வேண்டும். செங்கல் சுவர் மறிப்பது அதனால்தான். காகிதக் கூழில் வார்த்த அட்டைக்கு எடை ஏது? உள்ளே எழும் எதிரொலியிலும் 'ஸ்', 'ச்' மாதிரியான கீச்சு ஒலிகளைத்தான் அது கொஞ்சம் மழுக்கும். குரலின் கனத்தைத் தொடவே தொடாது. கூடவே தூசி, கரப்பான், பல்லி. தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றவும் செய்யும்.

அப்படியானால் எது வேலை செய்யும்? பஞ்சு! அதுவும் தடிமனான பஞ்சு! ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. விநாடிக்கு 100 முறை அதிரும் ஓர் ஆண்குரல் ஸ்வரத்தின் ஒரு அலை மட்டுமே மூன்றரை மீட்டர் நீளம் வந்துவிடும். அவ்வளவு பெரிய அலையை ஒரு அங்குல ஸ்பான்ஞ்சு என்ன செய்துவிட முடியும்? அதனால் கடையில் 'அக்கூஸ்டிக் ஃபோம்' என்று கூம்பு கூம்பாக விற்கிறார்களே, அதற்குக் கொடுக்கும் காசைவிட வீட்டில் பரண்மேல் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தை பல மடங்கு மேல். பவானி ஜமுக்காளம் இருக்கிறதா? சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். ஒரு சாண் இடைவெளி விட்டு, மடிப்பு மடிப்பாகத் தொங்க விடுங்கள். அதே துணி, அதே விலை, ஆனால் பின்னால் இருக்கும் காற்றிடைவெளி அதன் வேலையைக் கூட்டிக் கொடுக்கும்.

மெத்தையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் நிறுத்துவார்கள். மைக் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் முகத்தை. அதோடு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்! ஆகவே மெத்தை உங்கள் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். துணி அடைத்த பீரோவின் கதவுகளை அகலத் திறந்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடினால் அதுவே இலவச ஸ்டுடியோ. வித்தியாசம் தெரிய வேண்டுமா? வெற்று அறையின் நடுவில் ஒரு தடவை கை தட்டுங்கள். 'ட்ர்ரிங்' என்று கம்பி அதிர்வதுபோல் ஒரு வால் கேட்கும். மெத்தையை நிறுத்திவிட்டு மறுபடி தட்டுங்கள். வால் அறுந்திருக்கும்!

இன்னொரு அதிசயம். உங்கள் அறைக்கே ஒரு சுருதி உண்டு, தெரியுமா? நம்மூரில் பத்துக்குப் பத்து அறை சகஜம். கான்கிரீட் கூரையும் பத்தடி உயரம் என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று. பத்தடி என்பது 3.05 மீட்டர். கணக்குப் போட்டால் அந்த அறை விநாடிக்கு 56 அதிர்வில் தானாக முழங்கும். ஆர்மோனியப் பெட்டியில் அது ஏறக்குறைய ஆறு கட்டை! அதன் இரட்டிப்பு 112. அது ஆண்குரல் வந்து உட்காரும் இடம். நீளம் ஒன்று சொல்ல, அகலமும் உயரமும் அதையே சொல்ல, அந்த ஒரு ஸ்வரம் மட்டும் 'ஊம்' என்று வீங்கிக்கொண்டு வரும். பாடியவர் தன் குரலில் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். மைக்கை மாற்றுவார், பணத்தைத் தொலைப்பார். கோளாறு கொத்தனார் போட்ட அளவில்! நட்டநடுவில் நிற்காமல், மூலையிலும் நிற்காமல், கொஞ்சம் தள்ளி நின்றாலே பாதி சரியாகிவிடும். ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு யோகம்: சரிந்த கூரையும் தரையும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்லை, அதனால் இந்த முழக்கம் குறைவு. ஓட்டு இடுக்கு வழியாக ஊர்ச் சத்தமெல்லாம் உள்ளே வரும் என்பது வேறு விஷயம்.

அறைதான் முதல், கருவி அப்புறம்தான் என்பதற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்கிறீர்கள்? ஏ.ஆர்.ரஹ்மானையே கூப்பிடலாம்! கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவர் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' தொடங்கியது 1989-இல். கட்டி முடித்தபோது உள்ளே ஒரு ஏசி, ஒரு அலமாரி, தரைவிரிப்பு, அவ்வளவுதான் இருந்தது, கருவி வாங்கக் கையில் பணமில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அம்மா கரீமா பேகம் நகையைக் கொடுத்தார். அடகு வைத்து முதல் ரெக்கார்டர் வந்தது. 1992-இல் 'ரோஜா' வந்தது. ஏசியும் விரிப்பும் முன்னால், ரெக்கார்டர் பின்னால் என்ற அந்த வரிசையைக் கவனியுங்கள்.

கோடம்பாக்கம் இருக்கட்டும், சேலத்துக்காரர்களுக்கும் ஒலிப்பதிவு ஒன்றும் வெளியூர்ச் சரக்கு இல்லை. டி.ஆர்.சுந்தரம் ஏற்காடு சாலையில் எழுப்பிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோதான் 1938-இல் முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' படத்தைத் தயாரித்தது! மலையாள சினிமா வாய் திறந்தது சேலத்துக்காரர் தயவில்!

மைக்குக்கு வருவோம். சுமார் ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் போயா காலர் மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு பேசாத யூடியூபர் உண்டா? அந்தக் குண்டுமணி மைக்குக்குள் இருப்பது 'எலக்ட்ரெட்' என்ற தொழில்நுட்பம். 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் கண்டுபிடித்தது. பெரிய ஸ்டுடியோ கன்டென்சர் மைக்குக்கு வெளியிலிருந்து 48 வோல்ட் கொடுத்தாக வேண்டும். அதைத்தான் 'ஃபான்டம் பவர்' என்கிறார்கள். எலக்ட்ரெட்டிலோ மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டுக்குள்ளேயே மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பதித்துவிட்டார்கள்! அதனால்தான் போன் கொடுக்கும் துளி மின்சாரமே அதற்குப் போதும்.

சரி, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. என்ன மைக் வாங்குவது? என்னைக் கேட்டால் கன்டென்சர் ஆசையை விட்டுவிட்டு ஒரு சாதாரண டைனமிக் மைக் வாங்குங்கள் என்பேன். டைனமிக்குக்குத் தறிச் சத்தம் கேட்காது என்பதில்லை. அதை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பாடலாம், சூட்சுமம் அங்கேதான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் 6 டெசிபல் ஏறும். தறி இருந்த இடத்திலேயே இருக்கும்! ஒரு சாணிலிருந்து அரைச் சாண் வந்தால் 6, அங்கிருந்து கால் சாண் வந்தால் இன்னொரு 6. பைசா செலவில்லை. 'ப' வரும்போது மைக் 'டப்' என்று வெடிக்கிறதா? மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், காற்று தாண்டிப் போய்விடும். மின்விசிறியை மட்டும் நிறுத்தியே ஆக வேண்டும். சித்திரையில் அது தண்டனைதான், வேறு வழியில்லை.

கச்சேரி மேடை எங்கும் பார்க்கிறோமே ஷ்யூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக், அதன் பெயரில் உள்ள 'எஸ்எம்' என்ன தெரியுமா? 'ஸ்டுடியோ மைக்ரோஃபோன்'! 1966-இல் ஸ்டுடியோவுக்கென்று செய்தது, மேடையில் போய் ராஜாவாகிவிட்டது. போலிகளும் அதற்குத்தான் அதிகம். அசல் விலையில் கால்பங்குக்கு யாராவது நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

காஸ்ட்லி கருவி இல்லாமல் நல்ல பதிவு வருமா என்று இன்னும் சந்தேகமா? 1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியது ஒரு ஹோட்டல் அறையில், மைக்கே இல்லாமல், ஒரு கூம்புக் குழலுக்குள்! மைக் வைத்து இசைத்தட்டுப் பதியும் முறை வந்தது 1925-இல்தான். 1982-இல் அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் தன் வீட்டு அறையில் இரண்டு ஷ்யூர் எஸ்எம்57 மைக்கும், சாதாரண கேசட்டில் நாலு டிராக் பதியும் டியாக் பெட்டியும் வைத்துக்கொண்டு மாதிரிக்குப் பாடினார். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு பெரிய ஸ்டுடியோவில் குழுவோடு மறுபடி பதிந்து பார்த்தும் மனசுக்கு ஒட்டவில்லை. பாக்கெட் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது! 2020-இல் கிராமியின் சிறந்த ஆல்பம் விருதை அள்ளிய பாடகி பில்லி ஐலிஷின் ஆல்பமோ, அண்ணன் ஃபின்னியஸின் படுக்கையறையில் உருவானது.

மென்பொருளுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம், தெரியுமா? ஆடாசிட்டி 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசம். ஐபோன் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். நிறைய டிராக் போட்டு வேலை செய்யணுமா, ரீப்பர் இருக்கிறது. 60 நாள் முழுசாக ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் 60 டாலர். அதைத் தொடங்கியவர் ஜஸ்டின் ஃப்ராங்கல். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் பாட்டு ஓட்டிய வின்ஆம்ப்பை எழுதிய அதே ஆள்!

புளூடூத் ஹெட்ஃபோன் இருக்கிறதே, அதுவே போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பாட்டுக் கேட்க அது அருமை; கேட்டுக்கொண்டே பாட அது விஷம். சாதாரண புளூடூத்தில் ஒலி விநாடியில் ஆறில் ஒரு பங்கு தாமதமாக வருவது சகஜம். அது கிட்டத்தட்ட 57 மீட்டர் தள்ளி நிற்கும் தவிலைக் கேட்டுத் தாளம் போடுவதற்குச் சமம்! ஒயர் வைத்த, காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள். செலவு செய்யத் தகுந்த இடம் இது.

கடைசியாக ஒன்று. எல்லாம் சரியாக வைத்தும் பதிவில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு ஹம் கேட்கிறதா? நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதுவும் அதன் மடங்குகளும்தான் அங்கே பாடிக்கொண்டிருக்கின்றன. புது மைக் தேடாதீர்கள், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் புது இன்டர்ஃபேஸ் பெட்டியும் தேடாதீர்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். எர்த் சரியில்லாத பிளக்காக இருந்தால் ஹம் பொசுக்கென்று நின்றுவிடும். எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரிபார்க்கும் வரை, பேட்டரி தீர்வதற்குள் பாடி முடித்துவிட வேண்டியதுதான்.