பிந்தி வரும் கை

"காந்த பேரிங்கில் தண்டைக் காந்தம்தானே தாங்குகிறது, அதற்கு எதற்குக் கம்ப்யூட்டர்?" என்று பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

காந்தத்தை நம்பி விட முடியாது, அதனால்தான். நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றின் விசையால் மட்டும் இன்னொரு காந்தத்தை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த முடியாது என்கிறது சாமுவேல் எர்ன்ஷாவின் 1842-ஆம் ஆண்டுத் தேற்றம். மின்காந்தத்துக்கோ இரும்பை இழுக்க மட்டுமே தெரியும். தண்டு நெருங்க நெருங்க இழுப்பும் கூடும். இடைவெளி பாதியானால் விசை நான்கு மடங்கு. ஆகவே சென்சார் அந்த இடைவெளியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளக்க, கண்ட்ரோலர் எதிரெதிர்ச் சுருள்களில் கரண்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு முன்பே, 1940-களில், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஸ்ஸி பீம்ஸ் வால்வு சர்க்யூட்டை வைத்து வெற்றிடத்தில் சின்னஞ்சிறு எஃகு உருண்டைகளைத் தொங்கவிட்டு, நொடிக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலவிட்டார்.

எனக்குப் பிடித்த விஷயம் இதில் உள்ள தாமதம். அளக்க, கணக்கிட, சுருளில் கரண்ட் ஏற எல்லாம் சேர்த்து 0.1 மில்லி நொடி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றும் தண்டு அதற்குள் 18 பாகைதான் திரும்பியிருக்கும். போகட்டும். அதே தண்டு நொடிக்கு 2,500 முறை வளைந்து அதிர்ந்தால்? அந்த அதிர்வுக்கு 0.1 மில்லி நொடி என்பது சரியாகக் கால் அலை. அடக்க அனுப்பிய விசை அங்கே அடக்காது. இன்னும் கொஞ்சம் பிந்தினால் அதிர்வை வளர்க்கவே செய்யும். எங்கள் வீட்டு ஊஞ்சலை நிறுத்தப் போகும் பேத்தியின் கதைதான்: எதிரே வரும்போது தடுக்க வேண்டிய கை, திரும்பிப் போகும்போது பட்டு இன்னும் உயரத் தள்ளிவிடும்.

இது தெரிந்தவர்களே சிக்னலில் இரைச்சல் என்றதும் ஃபில்டர் மேல் ஃபில்டர் போடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். திரையில் கோடு வழுவழுவென்று அழகாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஃபில்டரும் தன் பங்குத் தாமதத்தைச் சேர்ப்பது ரிப்போர்ட்டில் தெரியாது, தண்டில் தெரியும். என்னைக் கேட்டால் கொஞ்சம் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தாமதத்தைச் சமாளிக்க, அமைப்பின் மாதிரி ஒன்றைக் கண்ட்ரோலருக்குள்ளேயே ஓடவிட்டு, வரப்போவதை முன்கூட்டிக் கணிக்கும் வழியை 1957-இல் ஓட்டோ ஸ்மித் சொன்னார். தானாக நிலைக்கு வரும் உலைகளுக்கு அது போதும். விட்டால் விழும் காந்தத் தண்டில் அதை அப்படியே போட்டால், மாதிரிக்கும் நிஜத்துக்கும் தொடக்கத்தில் உள்ள சிறு வித்தியாசம்கூட வளர்ந்துகொண்டே போகும். தாமத நேரத்துக்குள் அனுப்பிய கட்டளைகளை மட்டும் நினைவில் வைத்துக் கணிக்கும் முறைகள் அதற்குப் பிறகு வந்தவை.