தேமலும் அதன் சிகிச்சையும்

பங்குனி, சித்திரை மாதங்களில் வேர்வை மிகும்போது கழுத்து, மார்பு, முதுகு, புயம் ஆகிய இடங்களில் வெளிறிய புள்ளிகள் தோன்றிப் படர்வதைக் கோயமுத்தூர், ஈரோடு பக்கத்துக் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். இதுவே தேமல் எனப்படுவது.

மரவள்ளியிலும் உளுந்திலும் இலைகள் திட்டுத்திட்டாக நிறம் மாறும் நோயையும் நாம் தேமல் என்றே வழங்குகிறோம். பெயர் ஒன்றாயினும் இரண்டிற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பயிர்த் தேமல் வைரஸினால் உண்டாகி, வெள்ளை ஈயின் மூலம் செடிக்குச் செடி பரவுவது. ஆகவே நோய் கண்ட செடியைப் பிடுங்கி அழிக்கிறோம். மனிதரின் தேமலோ ஒட்டுவதன்று. தேமல் கண்டவருக்குத் தனிப் பாய் போடுவதும், அதன் பொருட்டுச் சம்பந்தம் பேசுவதை நிறுத்துவதும் பயிருக்குரிய விதியை மனிதர்மேல் சுமத்துவதேயாகும்.

இந்நோயில் ஒருவகைப் பூஞ்சணம் இருப்பதை 1846-ல் ஐக்ஸ்டெட் என்னும் ஜெர்மானிய வைத்தியர் கண்டறிந்தார். பிற்காலத்தில் அதற்கு மலசீசியா என்று பெயரிடப்பட்டது. வயது வந்தோர் அநேகமாக எல்லோருடைய தோலிலும் இது தீங்கின்றி வசித்து வருகிறது. தோலின் எண்ணெய்ப் பசையே இதற்கு ஆகாரம். உஷ்ணமும் வேர்வையும் கூடும்போது இது இழைகளாக வளர்ந்து, தோலுக்கு நிறமளிக்கும் பொருள் உண்டாவதைத் தடுக்கிறது. சிலருக்கு வெளிறுவதற்குப் பதிலாகப் பழுப்பு நிறமாகவும் காணும். ஆதலால் தேமலுக்கு மருந்தென்று தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிடுவது பகைவனுக்குப் பந்தி வைப்பதை ஒக்கும்.

நகத்தால் மெல்லச் சுரண்டினால் தவிடுபோன்ற செதில் உதிர்வது தேமலின் அடையாளம். செலீனியம் சல்பைடு 2½ சதவிகிதம் கலந்த மருந்தைப் பூசி, 10 நிமிஷம் சென்றபின் கழுவிவிட வேண்டும். இவ்வாறு 7 நாள் செய்தால் பெரும்பாலும் பூஞ்சணம் அடங்கும். ஆனால் நிறம் உடனே திரும்பாது. சில மாதங்கள் ஆகலாம். இதனை அறியாதோர் மருந்து பலிக்கவில்லையென்று கடைக்குக் கடை களிம்பு மாற்றுகின்றனர். அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை தோலை மெலியச் செய்து, நோயையும் வளர்க்கும். உள்ளுக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் சில ஈரலைக் கெடுக்கக்கூடியவை. வைத்தியர் சொல்லாமல் வாங்கலாகாது. அடுத்த கோடையில் தேமல் மீண்டும் வருவதுண்டு. அப்போதும் இதே சிகிச்சைதான்.

கிராம அதிகாரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தொழுநோயின் தொடக்கமும் வெளிறிய படையாகவே தோன்றலாம். நோயாளியைக் கண்களை மூடச் செய்து, படையின்மேல் பஞ்சு நுனியால் தொட்டுப் பார்க்கவும். தொடுவது தெரியவில்லையெனில் அது தேமலன்று. உணர்ச்சி இருந்தும் செதில் உதிராத படை, சிகிச்சைக்கு மசியாத படை ஆகியவற்றையும் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். நமது தேசத்தில் தொழுநோய் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவிற்கும் கீழே குறைந்துவிட்டதாக 2005 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. எனினும் புதிய நோயாளிகள் இன்றும் காணப்படுகின்றனர். 6 அல்லது 12 மாத மருந்தினால் இந்நோய் பூரணமாகக் குணமாகும். மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும்.